பட்டியலில் இல்லாத பெயரைச் சிவப்பாக்குவது

சூத்திரத்தை முதலே சொல்லிவிடுகிறேன், அதைத் தேடித்தான் பாதிப்பேர் வந்திருப்பீர்கள். எக்செல்லில் ஒரு நிரலில் கொஞ்சப் பெயர்கள், இன்னொரு பக்கத்தில் சரியான பட்டியல். அந்தப் பட்டியலில் இல்லாத பெயர் மட்டும் நிறம் மாற வேண்டும். நிபந்தனை பார்த்துக் கலத்துக்கு நிறம் போடுகிற கொண்டிஷனல் ஃபோமற்றிங்கில் புது விதி என்பதைத் திறந்து, கடைசியாக இருக்கிற சூத்திரம் எழுதுகிற தெரிவை எடுங்கள். எண்ணிச் சொல்கிற கவுண்ட்இஃப் என்ற சூத்திரத்திடம் முழுப் பட்டியலையும் கொடுத்து, இந்தக் கலத்தில் உள்ளது அதில் எத்தனை தரம் வருகிறது என்று கேளுங்கள். விடை பூச்சியம் என்றால் சிவப்பு. அவ்வளவுதான்.

பட்டியலின் முகவரிக்கு டொலர் குறி போட வேண்டும், போடாவிட்டால் கீழே போகப் போகப் பட்டியலும் சேர்ந்து இறங்கும், மேலே உள்ள பெயர்கள் ஒவ்வொன்றாக விடுபட்டுப் போகும். பார்க்கிற கலத்தின் நிரை எண்ணுக்கு டொலர் போடக் கூடாது. தலைப்பையும் சேர்த்து முழு நிரலையும் தெரிவு செய்துவிட்டு சூத்திரத்தில் ஏ2 என்று எழுதினால் நிறம் எல்லாம் ஒரு நிரை மேலே தள்ளி விழும், பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு ஏனென்றே விளங்காது. ஆகவே ஏ2 இலிருந்து தெரிவு செய்யுங்கள். வெறுங்கலமும் சிவப்பாகும், அதனால் 'கலம் வெறுமையாக இல்லை' என்ற நிபந்தனையையும் ஆண்ட் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில ஒஃபிசுகளில் எக்செல் 2007 ஓடுகிறது. அதில் கொண்டிஷனல் ஃபோமற்றிங் வேறொரு ஷீற்றைப் பார்க்க விடாது, 2010 இலிருந்துதான் விடுகிறது. பழையதில் பட்டியலுக்கு ஒரு பெயர் வைத்து, சூத்திரத்தில் அந்தப் பெயரை எழுதினால் வேலை செய்யும். கூகுள் ஷீட்ஸ் என்றால் மற்ற ஷீற்றின் முகவரியை இன்டைரக்ட் என்ற சூத்திரத்துக்குள் போட்டு எழுதுங்கள்.

சூத்திரமே வேண்டாம், டூப்ளிகேட் என்ற தெரிவுக்குள் யுனிக் என்று ஒன்று இருக்கிறதே, இரண்டு நிரலையும் தெரிவு செய்து அதை அழுத்தினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. பட்டியலில் இல்லாத ஒருவர் உங்கள் கணக்கில் இரண்டு தரம் இருந்தால் அவர் தனி ஆள் இல்லை என்று அது விட்டுவிடும். மாதாமாதம் காசு கட்டுகிறவர்களின் கணக்கில் எல்லாருமே பல தரம்தான் வருவார்கள்.

சரி, இதெல்லாம் எங்கேயும் கிடைக்கும். நான் எழுத வந்தது நிறம் விழுந்த பிறகு நடக்கிற கதையை.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மரண சகாய நிதி ஒன்று இருக்கிறது. அங்கத்தவர் பதிவேடு ஒரு ஷீற், சந்தாக் கணக்கு இன்னொன்று. பதிவேட்டில் இல்லாமல் சந்தா கட்டுகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பதிவில் இல்லாதவர் வீட்டில் செத்தவீடு நடந்தால் காசு கொடுக்கலாமா இல்லையா என்று அந்த நேரத்தில் வாக்குவாதப்பட முடியாது. பொருளாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊரில் எல்லாருக்கும் அவர் மாஸ்ரர். சூத்திரத்தைப் போட்டதும் கணக்கு மேலிருந்து கீழ்வரை சிவப்பு.

"தம்பி, உது என்ன, ஒருத்தரும் அங்கத்தவர் இல்லையாமோ?"

"இல்லை மாஸ்ரர், உங்கட பதிவேடு பாமினி."

யாழ்ப்பாணத்தில் கணினியில் தமிழ் ரைப் பண்ணின எவருக்கும் பாமினி என்ற எழுத்துருவைத் தெரியும். அதில் ரைப் பண்ணின கலத்தைத் தெரிவு செய்து எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள், பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் கிடக்கும். கண்ணுக்குத் தெரிகிற தமிழ் எழுத்துரு போட்ட வேடம். சந்தாக் கணக்கை எழுதுகிற பிள்ளை போனில் யூனிகோடில், அதாவது தமிழ் எழுத்துக்கென்றே உள்ள குறியீட்டில் அடிக்கிறாள். எக்செல்லுக்கு இவை இரண்டு வேறு மொழி.

எல்லாம் சிவப்பானால் நல்லது, ஏதோ பிழை என்று உடனே தெரிகிறது. இரண்டு ஷீற்றும் பாமினியில் இருந்தால்தான் ஆபத்து. பாமினியில் ஆங்கிலச் சின்ன எழுத்துக்கு க வந்தால் அதே பெரிய எழுத்துக்குக் கு வரும், ம-வுக்கும் மு-வுக்கும் அப்படித்தான். கவுண்ட்இஃப்போ பெரிய எழுத்துச் சின்ன எழுத்து பார்க்காது. ஆகவே பதிவேட்டில் க. சிவராசா மட்டும் இருக்க, கணக்கில் கு. சிவராசா வந்தால் அவரும் அங்கத்தவர் என்று எண்ணிவிட்டு நிறம் போடாமல் போய்விடும். சிவப்பாக வேண்டியது வெள்ளையாகவே கிடக்கும், அதை ஒருவரும் தேடிப் போகமாட்டார்கள். பெரிய எழுத்துச் சின்ன எழுத்து பார்க்கிற எக்ஸாக்ட்டையும், கூட்டிச் சொல்கிற சம்புரொடக்ட்டையும் சேர்த்து எழுதினால் இது பிடிபடும், ஆனால் என்னைக் கேட்டால் பாமினியை ஒரேயடியாக யூனிகோடுக்கு மாற்றிவிடுவதுதான் புத்தி.

மாற்றின பிறகும் கொஞ்சம் சிவப்பு மிஞ்சும். கௌசல்யா என்ற பெயரைச் சிலர் ஔகாரக் குறி போட்டு அடிப்பார்கள், சிலர் கெ அடித்துப் பக்கத்தில் ள போடுவார்கள், திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஸ்ரீ இன்னும் மோசம். முதலில் அதை ஸ-வை வைத்து எழுதினார்கள், 2005இல் யூனிகோடில் ஶ சேர்ந்த பிறகு அதை வைத்து எழுதுகிற முறை வந்தது. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான், உங்கள் ஸ்ரீதரனும் பதிவேட்டு ஶ்ரீதரனும் கண்ணுக்கு ஒருவர், சூத்திரத்துக்கு இருவர். அப்புறம் இணையத்திலிருந்து ஒட்டின பெயரின் வாலில் சாதாரண இடைவெளி போலவே தெரிகிற 160ஆம் எண் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும், இடைவெளி வெட்டுகிற ட்ரிம் அதை வெட்டாது, ஒன்றை இன்னொன்றாக மாற்றுகிற சப்ஸ்டிட்யூட் போட்டுத்தான் எடுக்க வேண்டும். முதலெழுத்துக்குப் பிறகு இடைவெளி விடுகிறவர், விடாதவர், முதலெழுத்தைப் பெயருக்குப் பின்னால் போடுகிறவர் என்று இது முடியாது.

பெயரை விட்டுவிட்டு இலங்கை அடையாள அட்டை இலக்கத்துக்குப் போனோம். அங்கேயும் ஒரு முடிச்சு. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸும் இருக்கும், 2016 முதல் வருவது பன்னிரண்டு இலக்கம். பதிவேட்டில் சேரும்போது பழைய இலக்கம் கொடுத்தவர், பிறகு அட்டையைத் தொலைத்துப் புதிது எடுத்தவர், இப்போது பன்னிரண்டு இலக்கத்தைச் சொல்லிச் சந்தா கட்டுகிறார். ஆள் ஒன்றுதான், நிறம் சிவப்பு.

நல்லகாலம், பழையதைப் புதியதாக்க ஒழுங்கான வழி இருக்கிறது. முன்னால் 19, பிறகு பழைய இலக்கத்தின் முதல் ஐந்து, அதன் பிறகு ஒரு பூச்சியம், கடைசியாக மிச்ச நான்கு. எழுத்துகளில் ஒரு துண்டை வெட்டி எடுக்கிற லெஃப்ட், மிட் இரண்டையும் & குறியால் ஒட்டி, கலத்தில் பத்து எழுத்து இருந்தால் மட்டும் மாற்று என்று இஃப் போட்டு, இரண்டு ஷீற்றிலும் துணை நிரல் ஒன்று வைத்தேன். விதி இப்போது அந்த நிரலைத்தான் ஒப்பிடுகிறது. ஒட்டி எடுத்தது எழுத்தாக இருக்கும், நேரே ரைப் பண்ணின பன்னிரண்டு இலக்கம் எண்ணாக இருக்கும், அதுவும் எக்செல் அதைச் சுருக்கி நடுவில் புள்ளியும் பக்கத்தில் ஈயுமாகக் காட்டும். கவுண்ட்இஃப் எழுத்தையும் எண்ணையும் ஒன்றாக எடுக்கும், பட்டியலில் தேடுகிற மேட்ச் என்ற சூத்திரம் எடுக்காது, அதனால்தான் இங்கே மேட்சை நான் தொடவில்லை. ஆனால் பதினைந்து இலக்கத்துக்கு மேல் போனால் கவுண்ட்இஃப்பும் வாலைப் பார்க்காது, பதினாறு இலக்க எண்களை வைத்திருக்கிறவர்கள் கவனம்.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சின சிவப்பு கொஞ்சப் பேர்தான், மாஸ்ரருக்கு அவர்களில் முக்கால்வாசிப் பேரை முகம் தெரியும். "இது கனடாவில இருக்கிற பெடியன், தாய்க்குக் கட்டுறான்" என்றார். பற்றுச்சீட்டு மகன் பெயரில், அங்கத்தவர் தாய், தாய் பதிவேட்டில் ஒழுங்காக இருக்கிறா. பதிவேட்டில் இருந்தும் கணக்கில் வராதவர்களைத் திருப்பிப் பார்த்தபோது அந்தத் தாய்மார் எல்லாம் சந்தா கட்டாதவர்களாக அங்கே சிவப்பாய் நின்றார்கள். கட்டாதவர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது நிலையத்தின் வழக்கம், இதை அப்படியே ஒட்டியிருந்தால் ஊரில் என்ன கதை வந்திருக்கும்!

கணக்கில் 'யாருக்காக' என்று ஒரு நிரல் கூட்டினோம். கட்டுகிறவர் யாராக இருந்தாலும் அதில் அங்கத்தவரின் அட்டை இலக்கம்தான் வர வேண்டும். பழைய பற்றுச்சீட்டுகளுக்கு மாஸ்ரர் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை இருந்து நிரப்புகிறாள், இன்னும் முடியவில்லை.