அவள் சொன்ன முதல் 'வேணாம்'

எங்கள் இல்லத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பிள்ளையைத்தான் முதலில் மெச்சுவார்கள். "எவ்வளவு அடக்கம்! சொன்ன பேச்சைத் தட்டுறதே இல்ல." கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

கடலூரில் பெண் பிள்ளைகள் இல்லம் ஒன்றில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். அவள் பெயரும் ஊரும் இங்கே வராது. இட்லியா தோசையா என்றால், "எதுனாலும் சரிம்மா." செருப்பு கடித்துக் கால் புண்ணாகியும் வாய் திறக்கவில்லை. சொந்த வீட்டுக்குள்ளேயே ஒருவனிடம் மாட்டிக்கொண்டு தவித்தவள். மறுத்தால் என்ன ஆகும் என்று அங்கே தெரிந்துகொண்டிருக்கிறாள். அந்த 'சரி'தான் அவளை உயிரோடு வைத்திருந்தது.

நடந்ததை நாங்கள் யாரும் கேட்பதில்லை. மனசு திறந்தால் கேட்க ஆலோசகர் இருக்கிறார். விசாரணைக்கு, பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டம் இருக்கிறது. வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் சீருடையில் வரக் கூடாது. சாட்சி சொல்லும்போது அவன் முகம் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது. சட்டமே இவ்வளவு பதனமாக இருக்கும்போது, பார்க்க வரும் சொந்தக்காரர்கள் "என்னம்மா பண்ணான்?" என்று ஆரம்பிக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

எங்கள் வேலை சின்னது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவது. தலை வாரும் முன் "வாரட்டுமா?" என்று கேட்பது. பதிலுக்குக் காத்திருப்பது.

அவள் வந்த ஐந்தாவது மாதம், முதுநகரில் வாங்கிய சங்கரா மீனில் குழம்பு. சமையல் அக்கா கரண்டியோடு குனிந்தபோது அவள் தட்டைப் பின்னால் இழுத்தாள். "எனக்கு மீன் வேணாம்."

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசத்தைச் சூடு பண்ணினேன்.

அதன்பிறகு இரண்டு மாதம் எல்லாவற்றுக்கும் 'வேணாம்'. கதவை அறைந்து சாத்தினாள், நோட்டைக் கிழித்தாள். "வந்தப்போ நல்லாத்தானே இருந்தா" என்றார்கள். இல்லை. அப்போது அவள் நன்றாக இல்லை.

போன ஞாயிறு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். மற்ற பிள்ளைகள் அவளை அலைக்கு இழுத்தார்கள். "கைய விடுடி, நான் வரல!" ஊரே திரும்பிப் பார்க்கும் குரல். அவர்கள் விட்டுவிட்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டலைத் தின்று முடித்தாள். காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரை நோக்கித் தானாக நடந்தாள்.