வார்டு வராந்தாவிலிருந்து

பிப்ரவரி 24, திங்கள்

உபதேசியார் தாத்தாவை மறுபடியும் ஐசியுவுக்கு மாற்றிவிட்டார்கள். உபதேசியார் என்றால் குருப்பட்டம் பெறாமலே சபை ஊழியம் பார்க்கிறவர். ரத்தத்தில் சோடியம் இறங்கிவிட்டதாம். என்னைப் பார்த்ததும், "எய்யா, சைக்கிளைப் பூட்டினியா?" என்றார். அந்தச் சைக்கிளை விற்று எத்தனையோ காலமாகிறது. பூட்டிட்டேன் தாத்தா என்றேன்.

பிப்ரவரி 25

எனக்குக் குருப்பட்டம் கொடுக்கிற ஆராதனைக்கு அங்கி தைக்கக் கொடுத்தாயிற்று. பாக்கெட் வைக்கவா என்று கேட்டார் டெய்லர். வைக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 27, வியாழன்

உள்ளே விடுவது காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். மதியம் ஆச்சி பெஞ்சிலேயே கண்ணயர்ந்ததும் கிளாரிந்தா அம்மாள் கட்டிய கோயில் வரை நடந்துவிட்டு வந்தேன். 1785ல் கட்டியது. பாளையங்கோட்டைக்காரர்களுக்கு அது பாப்பாத்தியம்மாள் கோயில்.

அந்த அம்மாள் கதையில் எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. மராத்தியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தவர், கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டறிந்ததும் அவரிடம்தான். ஞானஸ்நானம் கேட்டபோது, கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறார் என்று ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778ல்தான் கொடுத்தார். அவர் மறுத்தது சரி என்று எனக்கு இன்னும் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடவில்லை. இங்கே ஒரு சபையையே கூட்டினார். 1780ல் எழுதிய சபைப் பட்டியலில் 40 பேர். பிறகு ஸ்வார்ட்ஸ் தஞ்சாவூரிலிருந்து சத்தியநாதனை அனுப்பினார். அவரும் அப்போது உபதேசியார்தான், குருப்பட்டம் கிடைத்தது 1790ல். ஆக, திருநெல்வேலிச் சபையின் முதல் வருஷங்களை ஓட்டியதெல்லாம் பட்டம் இல்லாதவர்கள். குருப்பட்ட நேர்காணலில் இதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெளுத்து வாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 28

தூக்கம் வரவில்லை. எனக்கும் ஒருவர் "இப்ப வேண்டாம்" என்று சொன்னார் அல்லவா, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பி.காம். முடித்த கையோடு, மதுரை அரசரடி இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பம் போடப் போகிறேன் என்று தாத்தா முன்னால் போய் நின்றேன். தலையில் கை வைத்து ஜெபிப்பார் என்று நினைப்பு. "இப்ப வேண்டாம்யா. உனக்குப் பிரசங்கம் பண்ணத்தான் ஆசை இருக்கு. ஆளுகள் மேல ஆசை வரட்டும்" என்றார். கொஞ்ச நாள் அவர் முகத்தையே பார்க்கவில்லை நான். அப்புறம் அவரே வீட்டுக்கு வந்து, கைப்பிடி அரிசிக் காணிக்கை வாங்கப் போகத் துணைக்குக் கூப்பிட்டார். ஏதோ ஒருநாள் என்று போனேன். வாராவாரம் ஆகிவிட்டது.

நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து, பீடி இலை ஒழுங்காகக் கொடுக்கிறார்களா, மும்பையிலிருக்கிற மகன் போன் பண்ணினானா என்று கேட்டுக்கொண்டிருப்பார். பைபிள் கக்கத்திலேயே இருக்கும். ஊர்க்கதையெல்லாம் ஓய்ந்த பிறகு, "ஒரு வார்த்தை ஜெபிச்சிருவமா?" என்பார். ஒரு நிமிஷம்கூட வராது அந்த ஜெபம். ஆனால் அந்த வீட்டில் கேட்டது அத்தனையும் அதில் வந்துவிடும், பால் வற்றிப்போன ஆடு உட்பட. தெருவுக்கு வந்ததும், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெயர்களைப் பென்சிலால் எழுதி பைபிளுக்குள் செருகுவார். தாள் சேர்ந்து சேர்ந்து பைபிள் மூடாது. ரப்பர் பேண்டு போட்டிருப்பார்.

அன்றைக்கே சரி என்று அனுப்பியிருந்தால் நான் நல்ல பேச்சாளனாக ஆகியிருப்பேன். அவ்வளவுதான் ஆகியிருப்பேன். பைபிளில், கடவுள் கூப்பிட்ட குரலைக் கேட்டு ஓடிவந்த சிறுவன் சாமுவேலை ஆசாரியர் ஏலிகூட முதலில் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளத்தான் சொன்னார்.

மார்ச் 1

சோடியம் ஏறுகிறது. ஸ்தோத்திரம்.

மார்ச் 3, திங்கள்

பட்ட ஆராதனை அழைப்பிதழில் தாத்தா பெயரையும் போடச் சொன்னேன். இடமில்லையாம். பேராயர், உபதலைவர், லே செயலர், குருத்துவச் செயலர், பொருளாளர், எல்லாருக்கும் இடம் இருக்கிறது. ஆச்சியிடம் புலம்பினேன். "அவுகளுக்கு இதெல்லாம் பிடிக்காதுய்யா" என்றார். அவருக்குப் பிடிக்காதுதான். எனக்குப் பிடிக்கும். என் செலவில் தனியாக ஒரு கார்டு அடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். நாளைக்குக் கோபம் ஆறியதும் யோசிக்கலாம்.

மார்ச் 5, சாம்பற்புதன்

ஆராதனைக்குப் போக முடியவில்லை. தாத்தாவை வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இட்லி வேண்டாம், கஞ்சி போதும் என்கிறார். தெளிவாகவே பேசுகிறார்.

சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "தாத்தா, அன்னைக்கு நீங்க மட்டும் வேண்டாம்னு சொல்லலைன்னா..." கையைக் காட்டி நிறுத்தினார். அடுத்த கட்டிலில் கோவில்பட்டி லாரி டிரைவர். சர்க்கரையில் கால் விரல்களை எடுத்திருக்கிறார்கள். "அவருக்குக் காலையில இருந்து ஒருத்தரும் வரலை. நீ இங்க உக்காந்து என்ன பேசிட்டிருக்க?" என்றார்.

எழுந்து போனேன்.

மார்ச் 6

டிரைவரின் மனைவி வந்துவிட்டார். கேண்டீன் எங்கே என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார், கூட்டிப்போய்க் காட்டினேன். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையாம், பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஆச்சியை ஆறு மணி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். இன்றைக்கு ராத்திரி துணைக்கு நான். அங்கி ரெடி என்று டெய்லர் போன் பண்ணினார், சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.