சேஸிஸ தட்டிப் பார்த்து வாங்குங்க

2023 ஜூலையில ஒரு பழைய மாருதி ஜிப்ஸி வாங்குனேன். 98 மாடல் ஜிப்ஸி கிங், 1.3 லிட்டர் பெட்ரோல், கார்புரேட்டர் வண்டி. விலை 1,75,000. அதுக்கு முந்தின மாசம்தான் மாருதியோட புது ஃபோர் வீல் வண்டி ஜிம்னி 12.74 லட்சத்துல இருந்து ஆரம்பிச்சு கடைக்கு வந்திருந்துச்சு, அதனால வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் இதென்ன தம்பி, லோன் போட்டு அதையே எடுத்திருக்கலாமேன்னு கேட்டாங்க. லோன் கட்டுற நிலைமையில நான் இல்ல. அதோட சின்ன வயசுல அடையாறு சிக்னல்ல போலீஸ் ஜிப்ஸி நிக்கும்போது ஸ்கூல் பஸ்ல இருந்து எட்டி எட்டி பார்ப்பேன், அந்த ஆசை முப்பது வருஷமா போகவே இல்ல. என்கிட்ட மொத்தமா இருந்தது மூணரை லட்சம், அதுக்குள்ள வண்டியும் வாங்கணும், ரோட்ல ஓடவும் வைக்கணும்.

வண்டி திருவான்மியூர்ல, கடற்கரைக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு வேப்பமரத்தடியில நின்னுச்சு. புதுசா பச்சை பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருந்துச்சு, ஸ்டார்ட் பண்ணா ஒரே செல்ப்ல பிடிச்சுச்சு, ஃபோர் வீல் லிவரும் விழுந்துச்சு. நான் அங்கயே அட்வான்ஸ் குடுத்துட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு.

அடுத்த ஞாயித்துக்கிழமை மேடவாக்கம் பக்கம் ஒரு பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க இருக்கிற டிங்கர் அண்ணன் பெயிண்ட திரும்பிக் கூட பார்க்கல. ஒரு நீட்டு ஸ்குரூ டிரைவர எடுத்துக்கிட்டு, சாக்க விரிச்சுப் போட்டு வண்டிக்கு அடியில போய் படுத்துட்டாரு. கைப்பிடியால சேஸிஸ, அதாவது பாடிய தாங்குற அடிச்சட்டத்த, தட்டிக்கிட்டே வர்றாரு. முன்னாடி டங் டங்னு சத்தம், நடுவுலயும் டங், பின்னாடி ஸ்பிரிங் பட்டை மாட்டுற ஷேக்கிள் கிட்ட வந்ததும் சத்தம் பொத்துனு ஆயிடுச்சு. கை நின்னுடுச்சு. அதே இடத்துல இன்னும் ரெண்டு தட்டு தட்டுனாரு, அப்புறம் ஸ்குரூ டிரைவர திருப்பிப் புடிச்சு ஒரே குத்து, முக்கால் அங்குலம் உள்ள போயிடுச்சு, பொலபொலன்னு துரு அவர் கழுத்துல கொட்டுது. "இன்னாபா இது, மேல பெயிண்டு கீது, உள்ள மண்ணு கீது"ன்னாரு.

ஏன் அப்படி ஆகுதுன்னு அன்னைக்குதான் புரிஞ்சுது. சேஸிஸ் பாக்ஸ் மாதிரி உள்ள வெறும் கூடு, தண்ணி வடியறதுக்கு கீழ சின்னச் சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க, சேறு காஞ்சு அந்த ஓட்டை அடைச்சுக்கிட்டா உள்ள போன தண்ணி அங்கயே நிக்கும், சென்னையில வருஷம் பூரா காத்துல ஈரம், கடல் பக்கம்னா உப்பு வேற, அதனால துரு உள்ள இருந்து வெளிய தின்னுக்கிட்டு வரும். வெளிய தெரியறப்போ தகடே மிஞ்சியிருக்காது. டிரைவர் சீட் கீழ மேட்ட எடுத்தா இன்னும் மோசம், யாரோ எண்ணெய் டின்ன வெட்டி ரிவிட் அடிச்சு மேல தார் பூசி வெச்சிருந்தாங்க, டின்ல இருந்த எழுத்து கூட படிக்க முடிஞ்சுது. அதுமேல கால வெச்சுதான் ஒரு வாரமா கிளட்ச் மிதிச்சிட்டிருந்தேன்.

பாடிய தனியா தூக்கி, சேஸிஸ மட்டும் மணல பீச்சி துருவ எடுக்கிற சேண்ட் பிளாஸ்டிங்குக்கு குடுத்து, செத்த இடத்த வெட்டி எடுத்துட்டு 3 எம்.எம். பிளேட் வெச்சு சுத்தி முழுசா வெல்டிங் அடிச்சாங்க. பேட்ச் மேல பேட்ச் வைக்கக் கூடாது, நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டணும், அதுல மட்டும் அண்ணன் விட்டுக் குடுக்கவே இல்ல. ஓட்டை எல்லாம் கம்பி விட்டு திறந்துட்டாரு. பிரைமர் அடிச்சு பத்து நாள்கூட ஆகல, டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துடுச்சு. பட்டறைக்குள்ள முட்டியளவு தண்ணி. என்ஜின் பெஞ்ச் மேல இருந்ததால தப்பிச்சுது, சேஸிஸ் மூணு நாள் தண்ணியிலயே கெடந்துச்சு. கழுவி, காய வெச்சு, மறுபடி தேய்ச்சு மறுபடி பிரைமர். டிங்கரிங்குக்கு மட்டும் 68,000 ஆச்சு, அதுல ஒரு ரூபா கூட எனக்கு வருத்தம் இல்ல.

என்ஜின் பத்தி பயந்த அளவுக்கு ஒண்ணும் இல்ல. இது மாருதி எஸ்டீம் கார்ல வந்த அதே குடும்பத்து 1298 சிசி என்ஜின், அதனால நிறைய சாமான் எஸ்டீமுக்கு கிடைக்கிறதே பொருந்தும். சென்னையில புதுசு வேணும்னா ஜி.பி. ரோடு, பழசு போதும்னா புதுப்பேட்டை. புதுப்பேட்டையில போன்ல போட்டோ காட்டி கேக்காதீங்க, கழட்டுன சாமான கையில எடுத்துட்டுப் போங்க, பக்கத்துல வெச்சுப் பார்த்து வாங்குங்க. வைப்ரேஷனுக்கு காரணம் தேடி நான் ரெண்டு வாரம் அலைஞ்சேன், கடைசியில முன் வீலுக்கும் பின் வீலுக்கும் பவர பிரிச்சு அனுப்புற டிரான்ஸ்பர் கேஸ தாங்குற ரப்பர் மவுண்ட் மூணும் கிழிஞ்சிருந்துச்சு. ஜிப்ஸியில டிரான்ஸ்பர் கேஸ் கியர்பாக்ஸோட ஒட்டாம தனியா நடுவுல தொங்கும், அந்த மூணு ரப்பர்தான் அதுக்கு எல்லாம். அதே மாதிரி 60ல போகும்போது ஸ்டியரிங் ஆடுச்சுன்னா அலைன்மென்ட்டுக்கு காசு குடுக்கறதுக்கு முன்னாடி, முன் வீல் திரும்புற மூட்டுல இருக்கிற கிங்பின் பேரிங்க பாருங்க, எனக்கு அதுல உருளையே பள்ளமாயிருந்துச்சு. டயர் 205/70 ஆர் 15, அஞ்சும் ஒரே நாள்ல போட்டேன், பழைய டயர்ல அரையும் குறையுமா ஓட்ட மனசு வரல.

பேப்பர் விஷயம் ஒண்ணு சொல்லியே ஆகணும். ஆர்.சி. 15 வருஷம், அப்புறம் அஞ்சஞ்சு வருஷமா எப்.சி., அதாவது வண்டி ஓட தகுதியா இருக்குன்னு சான்று, காட்டி புதுப்பிக்கணும், என் வண்டிக்கு 2023லயே முடியுது. நான் கட்டுனப்ப பீஸ் 5,000, லேட் பீஸும் பசுமை வரியும் தனி. 2025 ஆகஸ்ட்ல இருந்து 20 வருஷம் தாண்டுன கார் வகைக்கு 10,000 ஆக்கிட்டாங்க, பட்ஜெட்ல அதையும் எழுதிக்கோங்க. ஆனா பணத்த விட பெருசு சேஸிஸ் நம்பர். இரும்புல அடிச்சிருக்கிற அந்த நம்பர் மேல பேப்பர் வெச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்துக் குடுக்கணும். பிளாஸ்டிங்குக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அண்ணன் அந்த இடத்த மட்டும் டேப் சுத்தி மூடுனாரு, பெயிண்ட் அடிக்கும்போதும் மெலிசா ஒரே கோட். எப்.சி. அன்னைக்கு காலையில நான் பென்சில சாய்ச்சுப் புடிச்சு தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு எண்ணா வெள்ளையா மேல வருது, கடைசி ரெண்டு எண் மட்டும் துரு அரிச்சு மங்கலா இருந்ததால நாலு பேப்பர் வீணாச்சு, அஞ்சாவதுல தெளிவா விழுந்துச்சு. அது ஆர்.சி.யோட ஒத்துப் போனப்ப வந்த நிம்மதி, வண்டி முதல் தடவ ஓடுனப்ப கூட வரல. நீங்க வாங்கப் போகும்போது ஒரு பென்சில், ஒரு பேப்பர், ஒரு ஸ்குரூ டிரைவர் எடுத்துட்டுப் போங்க, விக்கறவர் தட்ட விடலன்னா அப்படியே திரும்பி வந்துடுங்க.

மொத்தம் 3,65,000 ஆச்சு. சீட் கவர் இன்னும் பழசுதான், பெயிண்ட் ரெண்டு இடத்துல நிறம் மாறித் தெரியும்.

போன மாசம் மதுராந்தகம் பக்கம் ஒரு ஏரிக்கரை மண் ரோட்ல மழையில மாட்டுனேன், களிமண்ணு வீல சுத்திப் பிடிச்சுக்குச்சு. இறங்காம லிவர 4எல்ல, அதாவது நாலு வீலும் இழுக்கிற ரொம்ப மெதுவான கியர்ல போட்டு, ஆக்சிலரேட்டர்ல காலே வைக்காம கிளட்ச மட்டும் விட்டேன், மாடு நடக்கிற மாதிரி மெதுவா ஏறி வந்துடுச்சு. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி முதல்ல கேட்டது, "உள்ள தண்ணி வந்துச்சாங்க?" டார்ச் அடிச்சு மேட்ட தூக்கி கைய வெச்சுப் பார்த்தோம். புதுத் தகடு பூரா காஞ்சு கெடந்துச்சு. முன் இடது மூலையில மட்டும் ஒரு கோடு ஈரம், அது மேல தார்ப்பாய் டாப் தையல்ல இருந்து இறங்குது. சனிக்கிழமை தார்ப்பாய் தைக்கிறவர்கிட்ட கொண்டு போகணும்.