லூதியானா, அறை 412

8 ஜனவரி 2026, வியாழன்

சண்டிகரில் இறங்கவே இரண்டரை மணி நேரம் தாமதம். மூடுபனி. அங்கிருந்து டாக்ஸி ஊர்ந்து ஊர்ந்து வந்தது. ரிசப்ஷன் பையன் என் மெம்பர் அட்டையைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் வந்ததுக்கு சந்தோஷம் சார்" என்றான். இந்த ஓட்டலுக்கு நான் வருவது இதுதான் முதல் தடவை.

9 ஜனவரி

நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷினில், மோட்டாரை ஓட்டும் மின்னணு அட்டையான டிரைவ் கார்டு போயிருக்கிறது. கோவையிலிருந்து வேறொன்று அனுப்பிவிட்டார்களாம். வரும்வரை மில்லில் எனக்கு வேலையில்லை.

துண்டில் வேறொரு ஓட்டலின் பெயர். வாடகைத் துணி, சலவைக்காரரிடம் மாறியிருக்கும். ஓரத்தில் நூல் தொங்கியது. முப்பது வருஷமாக நூலோடு கிடப்பவன், சும்மா இருக்க முடியுமா? இழுத்தேன், சரசரவென்று ஒரு சாண் வந்தது. சுருள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வழுக்கை, அடித்துணி தெரிகிறது. துடைத்தால் தண்ணீர் உடம்பிலேயே இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

10 ஜனவரி

மகளோடு பேசினேன். பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் என்கிறாராம் டாக்டர். "மெதுவா வாங்கப்பா, நான் எங்கயும் போயிட மாட்டேன்" என்று சிரிக்கிறாள். கால் வீக்கம் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

ஷாம்பு, சுவரில் திருகி வைத்த பெரிய குப்பியில். சின்னக் குப்பிகள் ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை; கலிபோர்னியாவில் பெரிய ஓட்டல்களுக்கு 2023-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். ஆனால் இந்தக் குப்பியில் இருப்பது ஷாம்பு வாசனையுள்ள தண்ணீர்.

11 ஜனவரி, ஞாயிறு

கட்டில்மேல் ஒரு அட்டை. பூமியைக் காப்போம், அறையைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்குள் சொல்லவும். கோவிடில் யாரும் உள்ளே வர வேண்டாம் என்று நாம்தான் சொன்னோம், சரி. கோவிட் போனது, அது மட்டும் தங்கிவிட்டது. ஆள் குறைத்துவிட்டோம் என்று நேராகச் சொன்னால் எனக்கு ஒன்றுமில்லை. பூமியை எதற்கு இழுக்கிறார்கள்?

மேனேஜரோடு டீ குடித்தேன். மனிதர் எதையும் ஒளிக்கவில்லை. கட்டடம் உள்ளூர் பில்டருடையது. பல ஊர் ஓட்டல்களுக்கு ஒரே பெயர் கொடுக்கும் செயின்காரர்கள் தருவது போர்டு, புக்கிங் சாப்ட்வேர், ஒரு தடிமனான கையேடு. அதற்கு வருமானத்தில் பங்கு. அப்புறம் வரி. போன செப்டம்பர் 22-லிருந்து 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதம் ஆனது. ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. துண்டு, சோப்பு, பெயின்ட் என்று வாங்குவதற்கெல்லாம் கட்டும் வரி திரும்பாது, கைக்காசு. "எதைக் குறைப்பேன் சார்?" என்றார். பதில் என் இடுப்பில் கட்டியிருந்தேன் காலையில்.

1952-ல் அமெரிக்காவின் மெம்பிஸில் கெம்மன்ஸ் வில்சன் முதல் ஹாலிடே இன் ஓட்டலைக் கட்டியது, குடும்பத்தோடு போன கார்ப் பயணத்தில் மோட்டல்காரர்கள் பிள்ளைக்கு 2 டாலர் தனியாகக் கேட்ட எரிச்சலில்தான். எங்கே இறங்கினாலும் அதே அறை, பிள்ளைகளுக்குத் தனிக் காசு இல்லை. செயின் என்றாலே அதுதானே? முன்பெல்லாம் இந்தூரில் நடுராத்திரி விழித்தாலும் ஸ்விட்ச் எங்கே என்று கைக்குத் தெரியும். இங்கே அது கட்டில் தலைப்பலகைக்குப் பின்னால் இருக்கிறது. நேற்று தேடி முட்டி பெயர்ந்தது.

12 ஜனவரி

கார்டு டெல்லியில். பனி.

13 ஜனவரி

லோஹ்ரி, இந்த ஊர் நெருப்புப் பண்டிகை. ஓட்டல் வாசலில் விறகு அடுக்கிக் கொளுத்தினார்கள். வேர்க்கடலை, ரேவ்டி என்ற எள் மிட்டாய், சோளப்பொரி. அறை கூட்டும் அஸ்ஸாம் பையன் பக்கத்தில் வந்து நின்றான். ஒரு ஆளுக்குப் பதினான்கு அறை இருந்ததாம், இப்போது இருபத்திரண்டு. ராத்திரி கதவைத் தட்டி புதுத் துண்டு ஒன்று கொடுத்தான். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. அதிலும் வேறு பெயர்.

14 ஜனவரி

வீட்டில் காப்புக் கட்டியாச்சாம், வேப்பிலையும் பூளைப்பூவும் மனைவி போனில் காட்டினாள். போகிக்கு எரிக்க என்னிடம் ஒரு துண்டு இருக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை. "என்னங்க, இவளுக்கு முகமே சரியில்ல, நீங்க எப்ப வர்றீங்க?"

15 ஜனவரி

காலை 3:40. மகளுக்கு வலி எடுத்துவிட்டது. வெந்நீர் வரவில்லை, குளிக்காமல் கிளம்புகிறேன். கார்டை யாராவது மாட்டிக்கொள்ளட்டும்.

ரிசப்ஷனில் ஆள் இல்லை, மணி மட்டும் இருக்கிறது. அடித்துக்கொண்டிருக்கிறேன். வெளியே பனியில் டாக்ஸி விளக்கு தெரிகிற மாதிரியும்