தடைக்காலத்தில் வற்றிய கணக்கும் சிங்கப்பூர் விசாவும்

எங்கள் கல்லூரியின் வணிகவியல் துறை, இறுதியாண்டு மாணவர்களை ஐந்து நாள் கல்விச் சுற்றுலாவாகச் சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்வதாக அறிவித்தபோது, தேவனாம்பட்டினத்திலிருந்து கடலூர்த் துறைமுகத்துக்குச் சென்று விசைப்படகில் பங்குக்கு மீன்பிடித் தொழில் செய்பவரின் மகளான நான், பணத்தைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டேன். அம்மாவின் வளையல்களைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்ததும் அந்தக் கவலை ஒருவாறு அடங்கியது. காகிதங்கள் தந்த தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

1,500 ரூபாய் கட்டி, காவல் நிலையச் சரிபார்ப்பும் முடிந்து வந்த பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. நம்மில் பலருக்கு இருப்பது இனிஷியல்தானே! விமானச் சீட்டு எடுத்த முகவரோ அந்த இடத்தில் என் இனிஷியலை நிரப்பிவிட்டார். பாஸ்போர்ட்டிலும் சீட்டிலும் பெயர் வேறுபட்டதால், அதைத் திருத்தி வாங்கக் கூடுதல் கட்டணம் செலுத்த நேர்ந்தது. பெயர் விவரத்தைச் சீட்டு எடுப்பதற்கு முன்பே ஒருமுறை சரிபார்த்திருக்கலாம்.

விசாவுக்கு அப்பாவின் ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் கேட்கப்பட்டது. படகுப் பங்கு பெரும்பாலும் ரொக்கமாகவே கைக்கு வரும். போதாக்குறைக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் அந்த ஆறு மாதத்துக்குள் அடங்கியிருந்தது. அச்சிட்ட தாளில் அந்த இரண்டு மாதங்களுக்கு எதிரே அரசின் தடைக்கால நிவாரணத்தைத் தவிர வேறு வரவே இல்லை. அதற்கடுத்து ஜூலையில் திடீரென ஒரு பெருந்தொகை. "இது யார் போட்ட பணம்?" என்று விசா முகவர் கேட்டதில் தவறில்லை. நகைக்கடன் ரசீதையும், தடைக்காலம் என்றால் என்ன என்று அப்பா தமிழில் எழுதித் தர, எங்கள் பேராசிரியர் ஆங்கிலத்தில் பெயர்த்த கடிதத்தையும் இணைத்தோம். சில நாட்களில் விசா வந்தது.

சிங்கப்பூர் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டைக்குக் கட்டணமே இல்லை. அதற்கும் பணம் கேட்கும் தளங்கள் உள்ளன என்பதால் கவனம் தேவை.

சிங்கப்பூரில் நாங்கள் பார்வையிட்ட நிறுவனங்களில் எங்களுக்குக் காட்டப்பட்ட விளக்கப் படங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. மனத்தில் நின்றது சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள மாரியம்மன் கோயில். 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய அக்கோயிலில், நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளிலிருந்து அக்காலத்தில் குடியேறியவர்கள் வழிபட்டார்கள் என்று அறிந்தபோது, காகிதக் கட்டுடன் அலைந்த என் ஒரு மாதம் சற்றுச் சிறுத்துப் போனது.

தேக்கா சந்தையில் பனிக்கட்டிமேல் அடுக்கிய மீன்களுக்கு நடுவே விலை அட்டைகள் செருகப்பட்டிருந்தன. ஊர் திரும்பியதும் அப்பாவிடம் அதைச் சொன்னேன். படகு கரை சேர்ந்த பின் ஏலத்தில் விலை ஏறி இறங்குவதையே வாழ்நாளெல்லாம் பார்த்த அவர், "அப்போ காலையில எழுதுன விலைதானா சாயங்காலமும்? மிச்ச மீனை என்னம்மா செய்வாங்க?" என்று கேட்டார். நிறுவனங்களில் அவ்வளவு குறிப்பெடுத்த நான், அதை மட்டும் அங்கே யாரிடமும் கேட்டிருக்கவில்லை.