லாக் அவுட் பட்டனைத் தொடாதீர்கள்

மார்ச் 3, திங்கள்
எங்கள் தளத்தின் லாகினில் சிக்கல். லாக் அவுட் செய்துவிட்டுத் திரும்ப வருகிறவர்களுக்கு மட்டும்தான் உதைக்கிறது. பாஸ்வேர்டு சரி, ஓடிபி சரி, கடைசியில் "கோரிக்கை செல்லாது" என்று வெறும் வெள்ளைப் பக்கம். லாக் அவுட் பக்கமே போகாதவர்கள் ஜம்மென்று வேலை பார்க்கிறார்கள்.

மார்ச் 4, செவ்வாய்
கடிகாரமாகத்தான் இருக்கும். ஆள் யாரென்று சரிபார்க்கும் அடையாளச் சர்வர் எங்களுக்கு அனுப்பும் எஸ்ஏஎம்எல் பதிலில், எப்போதிலிருந்து எப்போது வரை செல்லும் என்று நேரம் எழுதியிருக்கும். சர்வர் கடிகாரம் கொஞ்சம் பிசகினாலும் போச்சு. சர்வர் கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபியைப் பார்த்தேன், ஒரு விநாடி வித்தியாசம்கூட இல்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை.

மார்ச் 5, புதன்
ரகசிய விண்டோவில் திறந்தால் வருகிறதாம். சிலருக்கு. அந்த "சிலருக்கு"தான் உயிரை வாங்குகிறது.

மார்ச் 6, வியாழன்
அடையாளச் சர்வர் ஆட்களுக்கு எழுதினேன். "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்." இந்த ஒரு வரியை எழுத அரை நாள். பதில் அவர்களுடையதுதான் என்று உறுதி செய்யும் சர்டிபிகேட் மாறியதா என்று கேட்டிருக்கவே வேண்டாம். மாறியிருந்தால் எல்லோருக்கும்தானே விழும்? பயர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் யாரும் இதுவரை புகார் சொல்லவில்லை. தூங்கப்போகும் முன் மறுபடி என்டிபி பார்த்தேன்.

மார்ச் 7, வெள்ளி
ஒரு புகார் டிக்கெட்டும் இல்லை. நம்ப மாட்டேன்.

மார்ச் 10, திங்கள்
கணக்குப் பிரிவு மேடத்தின் திரையைப் பகிரச் சொல்லி, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்வேர்டு அடித்தார். போனைத் தேடினார், பையில் இருந்தது. அதற்குள் ஓடிபி காலாவதி. அடுத்தது வர இன்னும் கொஞ்ச நேரம். வெள்ளைப் பக்கம். "போனைக் கையில வச்சுக்கிட்டு இன்னொரு தடவை பாருங்க மேடம்" என்றேன். உள்ளே போய்விட்டார்!

பிரௌசரின் போக்குவரத்தைக் காட்டும் நெட்வொர்க் டேபில் பார்த்தால், தோல்வியான தடவையில், அடையாளச் சர்வரிலிருந்து பதிலைச் சுமந்து திரும்பி வரும் போஸ்ட் கோரிக்கையில் எங்கள் குக்கீயே (ஆளை அடையாளம் காண பிரௌசரில் நாங்கள் விட்டுவைக்கும் சிறு குறிப்பு) இல்லை. 2020 பிப்ரவரியில் குரோம் 80 கொண்டுவந்த விதி இது. ஸேம்சைட் (வேறு தளத்திலிருந்து வரும்போது குக்கீயை அனுப்பலாமா என்று சொல்லும் அமைப்பு) குறிப்பிடாத குக்கீயை 'லாக்ஸ்' என்று எடுத்துக்கொள்ளும். வேறு தளத்திலிருந்து வரும் போஸ்டோடு அனுப்பாது. இந்த மாதிரி லாகின்கள் உடையக் கூடாதென்று ஒரு சலுகை: குக்கீ பிறந்து 2 நிமிடத்துக்குள் என்றால் விட்டுவிடும். லாக் அவுட் செய்யாதவர்களுக்கு அடையாளச் சர்வரில் செஷன், அதாவது முன்பே லாகின் ஆன நிலை, உயிரோடு இருக்கிறது, கண்மூடித் திறப்பதற்குள் திரும்பிவிடுகிறார்கள். செய்தவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். நிதானமான ஆள் என்றால் 2 நிமிடம் தாண்டிவிடும். குக்கீ இல்லாமல், யார் கேட்டதற்கு வந்த பதில் இது என்று எங்கள் சர்வருக்கு எப்படித் தெரியும்?

ஆக, நிதானமாக இருப்பவருக்குத் தண்டனை. யார் யோசித்த ஏற்பாடோ.

மார்ச் 11, செவ்வாய்
அந்த ஒரு குக்கீக்கு மட்டும் ஸேம்சைட் 'நன்' (எந்தத் தளத்திலிருந்து வந்தாலும் அனுப்பு), கூடவே 'செக்யூர்' (எச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டும் அனுப்பு). செக்யூர் இல்லாவிட்டால் குரோம் தூக்கி எறிந்துவிடும். எல்லாக் குக்கீக்கும் போட்டுவிடலாமே என்கிறார் மேலாளர். போடலாம், கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கவும் செய்யலாம். அனுமதிக்கு அனுப்பியாயிற்று.

மார்ச் 12, புதன்
அனுமதி வரவில்லை. "போனைக் கையில் எடுத்த பிறகு லாகினை அழுத்தவும்" என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். சிரித்திருப்பார்கள்.

மார்ச் 13, வியாழன்
சோதனைச் சர்வரில் பாஸ்வேர்டு பக்கத்திலேயே 5 நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு அடித்தேன். உள்ளே போயிற்று. அப்புறம்தான் ஞாபகம் வந்தது: ஐஓஎஸ் 12 சஃபாரி 'நன்' என்பதை 'ஸ்ட்ரிக்ட்' (வேறு தளத்திலிருந்து வந்தால் அனுப்பவே அனுப்பாதே) என்று எடுத்துக்கொள்ளும். கிடங்கில் இருக்கும் பழைய ஐபேடில் என்ன வெர்ஷன் என்று யாரிடம் கேட்பது?