நாஷ்வில்லின் 650: ஒரு காப்பீட்டு நிறுவனம் தொடங்கிய கன்ட்ரி வானொலி

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் உள்ள நாஷ்வில் நகரம் கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமிய இசைக்குத் தலைநகரமானது எப்படி என்று கேட்டால், பலரும் பெரிய பாடகர்களின் பெயர்களைச் சொல்வார்கள். நான் முதலில் டபிள்யூ.எஸ்.எம். என்ற வானொலி நிலையத்தைத்தான் சொல்வேன். நேஷனல் லைஃப் அண்ட் ஆக்சிடென்ட் என்ற காப்பீட்டு நிறுவனம் 1925 அக்டோபர் 5 அன்று அதைத் தன் அலுவலகக் கட்டடத்திலேயே தொடங்கியது. வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று சிறு தொகைகளைப் பிரீமியமாக வசூலிக்கும் முகவர்களை நம்பி நடந்த வணிகம் அது. வானொலியில் கேட்ட நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லிக்கொண்டு முகவர் வந்து நின்றால், அவரை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்ப யாருக்கும் மனம் வராது என்ற கணக்கு பலித்தது.

சிகாகோ வானொலி ஒன்றில் புகழ்பெற்றிருந்த ஜார்ஜ் ஹே என்ற அறிவிப்பாளர் நிலையப் பொறுப்பேற்றதும், 1925 நவம்பர் 28, சனிக்கிழமை இரவு, அங்கிள் ஜிம்மி தாம்ப்சன் என்ற 77 வயது பிடில் கலைஞரை ஒலிவாங்கியின் முன் உட்காரவைத்தார். தாம்ப்சனின் உறவுப் பெண் பியானோவில் துணை வாசிக்க, கிழவர் ஒரு மணி நேரம் வாசித்தும் ஓயவில்லை. இன்னும் வாசிக்கச் சொல்லி நேயர்களிடமிருந்து தந்திகள் வந்து குவிந்தன. உயர்கல்விக்கும் மேலை மரபிசைக்கும் பெயர்பெற்ற நகரம் தங்களுடையது என்று பெருமைகொண்டிருந்த நாஷ்வில்லின் மேல்தட்டினர் இந்தக் கிராமத்து இசையைக் கேட்டு முகம் சுளித்தார்கள். ஆனால் காப்பீடு எடுத்திருந்தவர்களோ பெரும்பாலும் உழைக்கும் மக்கள். அவர்களுக்குப் பிடித்ததை நிறுத்துவதற்கு நிறுவனத்துக்கு எந்தக் காரணமும் இல்லை.

1927 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, தேசிய வலையமைப்பில் வந்த மரபிசை நிகழ்ச்சி முடிந்ததும் உள்ளூர் நிகழ்ச்சி தொடங்கியது. சற்று முன்வரை ஒலித்த கிராண்ட் ஆப்பரா என்ற மேலை இசைநாடக இசையைச் சுட்டிக்காட்டி, அந்தப் பெயரையே கிராமத்து உச்சரிப்பில் திரித்து, இனி நீங்கள் கேட்கப்போவது கிராண்ட் ஓல் ஆப்ரி என்று ஹே அறிவித்தார். இன்றுவரை நிலைத்துவிட்ட அந்தப் பெயர் பிறந்த நிகழ்ச்சியில் அன்று வாசித்தவர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர். சிறுவயதில் போலியோ தாக்கியதால் உயரம் குறைந்துபோன அவர், ஒரு சிறிய மவுத் ஆர்கனைக் கொண்டு ரயில் தொலைவிலிருந்து நெருங்கி, ஊதி, வேகமெடுத்துக் கடந்து போவதை அப்படியே காதில் கொண்டுவந்து நிறுத்துவார். மேடையில் கைதட்டல் வாங்கிய அதே மனிதரைச் சுற்றுப்பயணங்களில் பல விடுதிகளும் உணவகங்களும் உள்ளே விடவில்லை. 1941இல் நிலையம் அவரை வேலையை விட்டு நீக்கியது. பாடல் உரிமத் தகராறு ஒன்றால் அவருடைய பழைய மெட்டுகளை ஒலிபரப்ப முடியாமல் போனது அதற்கு ஒரு காரணம். அவர் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாத சோம்பேறி என்று ஹே பின்னர் எழுதினார். அந்த வரி அநியாயம் என்றே நான் கருதுகிறேன். நாஷ்வில்லிலேயே காலணிக்கு மெருகேற்றும் கடை நடத்திப் பிழைத்த பெய்லி 1982இல் இறந்தார். கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர 2005 வரை ஆனது.

நிலையத்தின் வீச்சுக்குக் காரணம் அதன் பொறியியல். 1932இல் ஒலிபரப்புத் திறன் 50,000 வாட்டாக உயர்ந்தது. நகருக்குத் தெற்கே பிரென்ட்வுட்டில் 878 அடி உயரக் கோபுரம் எழுந்தது. நடுவில் அகன்று இரு முனைகளிலும் கூம்பிய அந்த எஃகுக் கோபுரத்தின் எடை முழுவதும் அடியில் உள்ள, மின்சாரம் தரைக்குப் பாயாமல் தடுக்கும் பீங்கான் காப்பான் ஒன்றின் மேல்தான் இறங்குகிறது. பக்கவாட்டில் இழுகம்பிகள் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. பகலில் மத்திய அலையை உறிஞ்சிக்கொள்ளும் வளிமண்டல அடுக்கு இரவில் மறைந்துவிடுவதால், அலைகள் மேலடுக்கில் பட்டுத் திரும்பித் தொலைதூரத்தில் இறங்குகின்றன. போதாததற்கு, 650 கிலோஹெர்ட்ஸில் இரவு நேரத்தில் வேறு நிலையம் குறுக்கிடாதபடி அரசின் ஒதுக்கீடும் இருந்தது. அதனால் ஒரு நகரத்தின் சனிக்கிழமைக் கச்சேரி பல மாநிலங்களின் பண்ணை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நாஷ்வில்லுக்கு வந்தார்கள். நிலையத்தின் பொறியாளர்கள் மூவர் 1940களில் தாங்களே ஒரு ஒலிப்பதிவுக் கூடம் தொடங்கியபோது, பாடியவர்கள் பதிவுக்காக வேறு ஊர் போகவேண்டிய தேவையும் குறைந்தது. நகரத்தின் இசைத்தொழில் இந்த நிலையத்தைச் சுற்றித்தான் முளைத்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆப்ரி 1943இல் ரைமன் அரங்கத்துக்கும் 1974இல் தனக்கென்று கட்டிய புதிய அரங்கத்துக்கும் இடம் மாறியது. 1980களில் நிலையம் காப்பீட்டு நிறுவனத்தின் கையைவிட்டுப் போனது. 2002இல் அப்போதைய உரிமையாளர்கள் அதை விளையாட்டுப் பேச்சு நிலையமாக மாற்ற யோசித்தபோது, நேயர்களும் கலைஞர்களும் எழுப்பிய எதிர்ப்பால் அந்த எண்ணம் கைவிடப்பட்டது. 2010 மே மாதம் கம்பர்லேண்ட் ஆறு பெருகி ஸ்டுடியோ இருந்த பகுதியை வெள்ளம் சூழ்ந்ததும், பணியாளர்கள் பிரென்ட்வுட் கோபுரத்தடிக்கே போய் அங்கிருந்து ஒலிபரப்பினார்கள்.

அந்தக் கோபுரம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஆப்ரியும் இன்றுவரை 650இல் வருகிறது. இணைய ஒலிபரப்பும் இருப்பதால் நாமும் கேட்கலாம்: நாஷ்வில்லில் சனிக்கிழமை இரவு ஏழு மணி என்பது இந்தியாவில் ஞாயிறு காலை, அங்கே கோடை நேரம் நடக்கும் மாதங்களில் ஐந்தரை, மற்ற மாதங்களில் ஆறரை.